ஒழுங்கை முட்டும் வீடு: வட்டக்கச்சியில் ஃபெங்சுயியைக் காற்றோடு வைத்துப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்தின் வலதுகரை வாய்க்காலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் அரை ஏக்கர் காணி. மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டம் கட்டமாகக் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாயை வைத்து, வீட்டுக்காரரே நின்று கட்டிய 550 சதுர அடி வீடு அதில் இருக்கிறது. தாய், கணவனை இழந்த மூத்த மகள், அவவின் இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர். ரொறொன்ரோவில் உள்ள மகன் காசு அனுப்புவதாகச் சொன்னதும், தாய்க்கு ஓர் அறையும் குளியலறையும் கூட்டிக் கட்டுவது, குசினியைப் புதிதாகப் போடுவது, முன்னுக்கு ஒரு விறாந்தை இறக்குவது என்று முடிவாயிற்று. படம் கீறும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மகன் அங்கே சில காலம் சீனரின் மனையடி சாத்திரமான ஃபெங்சுயி படித்தவர். வீட்டின் படத்துக்கு மேல் ஒன்பது கட்டம் போட்டு, எந்தக் கட்டம் செல்வத்துக்கு, எது குடும்பத்துக்கு என்று நிறம் தீட்டி வட்சப்பில் அனுப்பியிருந்தார். அக்காவுக்கோ ஆசாரியாரைக் கூப்பிட்டு நிலையம் எடுக்காமல், அதாவது எங்கள் சாத்திரப்படி இடம் குறிக்காமல், ஒரு கல்லும் வைக்க விருப்பமில்லை. தாய் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்குப் படுக்கையிலை இருந்து கதவு தெரியவேணும் தம்பி. வேறை ஒண்டும் வேண்டாம்."

இந்த மூன்று பேரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர முடிந்தது. அதற்கு வழிகாட்டியது வன்னியின் காற்று. ஃபெங்சுயி ஒரு நிலத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் இங்கே அச்சொட்டாகப் பொருந்துகின்றன. சீன நிலத்தில் அது கண்ட விடைகளை மட்டும் நாங்கள் இந்த மண்ணில் நின்று திரும்பவும் தேடவேண்டும். இந்த வீட்டில் அதை எப்படித் தேடினோம் என்பதைப் படம் கீறுபவர்களுக்கும், வீடு கட்ட நினைப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து காசோடு ஆலோசனையும் அனுப்புகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

வீட்டுக்கு என்ன குறை

மேற்கிலிருந்து நேராக வரும் ஒழுங்கை இந்தக் காணியின் படலையில் வந்து முட்டி நிற்கிறது. படலைக்கு நேரே முன்கதவு, முன்கதவுக்கு நேரே பின்கதவு. ஒழுங்கையின் தொங்கலில் நின்று பார்த்தால் வீட்டுக்குள்ளால் பின்வளவுக் கிணற்றடி தெரியும்.

தெருக்குத்து என்று எங்கள் ஆட்கள் இதை விலக்குவார்கள். ஃபெங்சுயியும் இதே அமைப்பை விலக்குகிறது. நேர்கோட்டில் விரைந்து வரும் ஓட்டம் வீட்டைத் தாக்கும் என்றும், முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் இருந்தால் உள்ளே வந்த 'சி' என்ற உயிர்ச்சக்தி தங்காமல் வெளியேறிவிடும் என்றும் அது சொல்லும். 'சி'யை அளக்கும் கருவி எதுவும் இல்லை. அந்த ஒழுங்கையால் எதெல்லாம் வீட்டுக்குள் வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை செம்மண் புழுதி. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மேற்கு வெயில். இரவில், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்வரும் மோட்டார் சைக்கிள்களினதும் லான்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரங்களினதும் வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சமும் ஒழுங்கை நெடுகப் பெருத்துக்கொண்டு வந்து, படலையடியில் திரும்பும்வரை நடுமண்டபச் சுவரில் நிற்கும். அந்த மண்டபத்தில்தான் தாய் படுத்திருந்தார்.

இரண்டாவது குறை குசினி. வடகிழக்கு மூலையில் இருந்தது. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அடுப்புப் புகை முழுவதும் வீட்டுக்குள் திரும்பும். 2022இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் போனதிலிருந்து அக்கா விறகடுப்பை விடவில்லை. அதனால் இது அன்றாட வருத்தம்.

மூன்றாவது, வெள்ளம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது இந்த வளவுக்குள்ளும் தண்ணீர் வந்தது. சுவர்க்கறை இன்னும் வடக்குப் பக்கம் தெரிகிறது. கூட்டிக் கட்டும் பகுதியின் அத்திவாரத்தை அந்தக் கறைக்கு மேலே உயர்த்துவதில் எந்தச் சாத்திரத்துக்கும் மறுபேச்சு இருக்கவில்லை.

தெற்கு வாசல் எங்கிருந்து வந்தது

மகன் அனுப்பிய படத்தில் முன்வாசல் தெற்கே திருப்பப்பட்டிருந்தது. முதுகுக்கு வடக்கே மலை, முகத்துக்குத் தெற்கே திறந்த வெளியும் நீரும், இடமும் வலமும் அணைப்பாக மேடுகள்: ஃபெங்சுயியின் பழைய நிலப்பார்வை மரபு சொல்லும் சிறந்த இருக்கை இது. ஆமை, செம்பறவை, நீலநாகம், வெண்புலி என்று நான்கு பக்கத்துக்கும் நான்கு உருவம் வைத்திருக்கிறார்கள்.

இந்த விதி பிறந்த இடத்தின் வானத்தைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். வட சீனாவில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வருகிறது. பெய்ஜிங்கில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 27 பாகைதான் உயரும், அதுவும் தெற்குப் பக்கம். வடக்கை மூடித் தெற்கைத் திறந்த வீடு அங்கே சூடாக இருக்கும். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த குவோ பு என்பவரின் பெயரில் வழங்கும் பழைய நூல் சொல்வதும் இதையொட்டியதுதான்: 'சி' காற்றில் அகப்பட்டால் சிதறும், நீரைக் கண்டால் நிற்கும். அது புதைகுழிக்கு இடம் பார்க்கும் நூல். ஆனாலும் அங்கேயும் முதல் கேள்வி காற்று எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான்.

கிளிநொச்சி வட அகலக்கோட்டில் 9 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டையொட்டி நண்பகல் சூரியன் எங்கள் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் அது வடக்குப் பக்கமாகவே போகிறது. யூனில்கூட உச்சியிலிருந்து 14 பாகைதான் சரியும் என்பதால் கூரை விளிம்பின் சின்ன இறப்பு ஒன்றே வடக்குச் சுவரை நிழலில் வைத்திருக்கும். தெற்குச் சுவரில் டிசம்பரில் 33 பாகை சரிந்த வெயில் விழும். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஆண்டு முழுக்கக் காயும். ஆக, ஆண்டு முழுவதும் வெயில் தொந்தரவு குறைந்த முகம் இங்கே வடக்கு.

காணியின் சரிவையும் பார்த்தோம். இரணைமடு அணைக்கட்டு எங்களுக்குத் தெற்கே. தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கும் கிழக்குமாக இறங்கிப் போகிறது. தென்மேற்கு மூலையில் ஒரு பெரிய பாலையும் இரண்டு இலுப்பையும் நிற்கின்றன. உயர்ந்த நிலமும் மரமும் முதுகில், தாழ்ந்த நிலமும் கிணறும் முகத்தில் என்று நிலப்பார்வை மரபின்படியே இந்தக் காணியை வாசித்தால், வீடு வடக்கு நோக்கித் திரும்பவேண்டும். தென்மேற்கு உயர்ந்தும் வடகிழக்குத் தாழ்ந்தும் இருக்கவேண்டும் என்ற ஆசாரியாரின் சொல்லும் இதோடு ஒத்துப்போனது. திசைகாட்டியின் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தெற்கு வாசல் வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் பிழையாகத்தான் போயிருக்கும்.

தடி நட்டுத் திசை எடுத்தது

திசைகாட்டி என்றதும் ஒரு விஷயம். மகன் கைப்பேசியில் பாகை பார்த்து அனுப்பச் சொன்னார். இரும்புப் படலைக்குப் பக்கத்தில் ஒரு பாகை, யன்னல் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொன்று, கிணற்றடியில் மூன்றாவது என்று காட்டியது. ஃபெங்சுயித் திசைகாட்டி வட்டத்தை 24 பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் 15 பாகை கொடுக்கிறது. இரும்பு இழுத்துப் பத்துப் பாகை விலகினாலே பக்கத்துப் பிரிவுக்குத் தாவிவிடலாம்.

ஆசாரியார் சங்கு, அதாவது நிழல் பார்க்கும் தடி, நட்டார். வெட்டவெளியில் நிலத்தை மட்டமாக்கி, நேரான ஒரு தடியை நிறுத்தி, அதையே மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் போட்டார். காலையில் தடியின் நிழல் நுனி சுருங்கிக்கொண்டு வந்து வட்டக்கோட்டைத் தொட்ட இடத்தில் ஓர் ஆணி. மத்தியானம் தாண்டி நிழல் மறுபக்கம் நீண்டு கோட்டைத் தொட்ட இடத்தில் இன்னோர் ஆணி. இரண்டு ஆணிக்கும் இடையில் நூல் பிடித்தால் கிழக்கு மேற்கு. பிள்ளைகள் இரண்டு பேரும் நாள் முழுக்க அந்த நிழலுக்குக் காவல் இருந்தார்கள். வீட்டுச் சுவர் அந்த நூலுக்குச் சற்றே திரும்பி நிற்பது அப்போதுதான் தெரிந்தது. நூலைப் படம் எடுத்து ரொறொன்ரோவுக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு பாகை பற்றிய கேள்வி வரவில்லை.

வாசல் மாறியது

மேற்குக் கதவை யன்னலாக்கி, வடக்குச் சுவரை வெட்டிப் புது வாசல் வைப்பது என்று சொன்னேன். செலவு கூடிய வேலை இதுதான். ஏற்கெனவே கூரை பாரம் தாங்கி நிற்கும் சீமெந்துக்கல் சுவர் அது. மேசன் அண்ணை முதலில் மேலே முட்டுக் கொடுத்து, லிண்டல் போட்டு, அது இறுகிய பிறகுதான் கீழே கல்லைக் கழற்றினார். பழைய முதிரை நிலையையே கழற்றிக் கொண்டுபோய் நாள் பார்த்து வடக்கில் வைத்தார்கள்.

மகன் இதற்கு இலகுவில் சம்மதிக்கவில்லை. அவருடைய ஒன்பது கட்டம், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய மரபைச் சேர்ந்தது. அதில் திசை பார்ப்பதில்லை. வாசல் இருக்கும் சுவரைக் கீழ்வரியாக வைத்துக் கட்டத்தைப் போடுவார்கள். உள்ளே நுழைபவருக்குத் தூரத்து இடது மூலை செல்வ மூலை. மேற்கு வாசலால் நுழைந்தால் அது வடகிழக்கு, அதாவது புகை சூழ்ந்த பழைய குசினி. வாசலை வடக்கே கொண்டுபோய்த் தெற்கு நோக்கி நுழைந்தால் அதே மூலை தென்கிழக்குக்கு வந்துவிடும். திசைகாட்டி மரபும் செல்வத்துக்குத் தென்கிழக்கைத்தான் சொல்கிறது. வடக்கு வாசல் வைத்த வீட்டில் மட்டுமே இரண்டு மரபின் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும். இதைக் கீறி அனுப்பியதும் மகன் ஒரு மணி நேரம் அழைப்பில் இருந்து கதைத்தார். கடைசியில், "அண்ணை, நீங்கள் சொல்லுறதுதான் சரி, வையுங்கோ" என்றார்.

படலையையும் ஒழுங்கையின் நேரிலிருந்து வடக்குப் பக்கம் நகர்த்தினோம். பாதை இப்போது வளைந்து வந்து விறாந்தையில் ஏறுகிறது. பழைய படலை இருந்த இடத்தில் கிளுவைக் கதியால் நெருக்கமாக நட்டு, உள்ளுக்குச் செவ்வரத்தை. வருகிற தீமையைத் திருப்பி அனுப்பும் என்று ஃபெங்சுயி நம்பும் எட்டுமூலைக் கண்ணாடி ஒன்றை அந்த இடத்தில் தொங்கவிட மகன் விரும்பினார். நான் முழுமையாக மறுத்தேன். இரவில் ஒழுங்கையால் வரும் மோட்டார் சைக்கிளின் வெளிச்சத்தை அது ஓட்டி வருபவரின் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். தாய் அந்த வேலிக்கு உள்ளே ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்துக்கொண்டார்.

குசினி ஏன் தென்கிழக்கில்

எனக்கு இந்த வேலையில் அதிகம் பிடித்த பகுதி இது. அக்கினி மூலையில் அடுப்பு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஃபெங்சுயி நெருப்பைத் தெற்கில் வைக்கிறது, தென்கிழக்கை மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் நெருப்பை வளர்க்கும் என்பது அதன் ஐம்பூத வரிசை. ஆகவே தென்கிழக்கு அடுப்புக்கு அங்கேயும் தடை இல்லை. அது போகட்டும். காற்றை வைத்துப் பாருங்கள்.

வன்னியில் ஆண்டின் இரண்டு பெருங்காற்றும் ஒரே கோட்டில்தான் வருகின்றன. சோளகம் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு, வாடை வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு. ஒரு சதுர வீட்டில் இந்தக் கோட்டைக் கீறினால், கோட்டில் படாத மூலைகள் இரண்டே இரண்டு: தென்கிழக்கும் வடமேற்கும். தென்கிழக்கில் உள்ள அடுப்பின் புகையைச் சோளகம் கிழக்கு வேலிக்கு வெளியே தள்ளும். வாடை அதைத் தெற்கு வேலிப்பக்கம் கொண்டுபோகும். இரண்டு பருவத்திலும் வீட்டுக்குள் புகை வராது. அக்கினி மூலை வாய்க்காவிட்டால் வாயு மூலையில் குசினி வைக்கலாம் என்று ஆசாரிமார் சொல்வதும், மலசலகூடத்தை வடமேற்கில் வைக்கச் சொல்வதும் இதே கோட்டுக்கு வெளியே நிற்கும் இடங்கள்தான்.

குளியலறையும் மலசலகூடமும் வடமேற்குக்குப் போயின. கிணறு வடகிழக்கில், நிலத்தடி நீர் சரிவோடு வடகிழக்குப் பக்கம் போகிறது. மலக்குழியைத் தென்மேற்கில் வெட்டியிருந்தால் அது கிணற்றை நோக்கியே ஊறும். வடமேற்கில் வைத்து 50 அடி தூரத்துக்கு மேல் விட்டோம்.

தண்ணீர்க் குழாயையும் அடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்று மகன் சொன்னது நல்ல யோசனை. கழுவும் தொட்டி வடக்குச் சுவரில், அடுப்பு கிழக்குச் சுவரில், நடுவில் விறகு அடுக்கும் தட்டு. விறகு நனைவதில்லை. சமைக்கும்போது வாசலுக்கு முதுகு காட்டக்கூடாது என்பதும் சரிவந்தது. கிழக்கு பார்த்துச் சமைக்கும் அக்காவின் இடப்பக்கம் கதவு, ஆள் வந்தால் கடைக்கண்ணில் தெரியும். பழைய குசினி சாமியறையாயிற்று.

தாயின் கட்டில்

படுக்கையிலிருந்து கதவு தெரியவேண்டும், ஆனால் கால் கதவுக்கு நேரே நீளக்கூடாது, தலைமாட்டில் கெட்டியான சுவர் இருக்கவேண்டும், தலைக்கு மேல் யன்னலோ வளையோ வரக்கூடாது. ஃபெங்சுயியில் நான் ஒரு சொல்லும் குறைக்காமல் எடுத்துக்கொள்ளும் பகுதி இது. மற்றவற்றுக்குக் காற்றையும் வெயிலையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். இதற்கு அந்த அம்மாவே போதும்.

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே போய், முள்ளிவாய்க்காலைத் தாண்டி, மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர். பதுங்குகுழியில் வாசலைப் பார்த்தபடி படுத்துப் பழகிய உடம்பு. வீடு கட்டி வந்த பிறகும் அறைக்குள் படுக்க மறுத்து மண்டபத்திலேயே பாய் போட்டார். அறைக்குள் கட்டில் போட்டிருந்த விதத்தில் கதவு தலைக்குப் பின்னால் இருந்தது. மண்டபத்தில் கதவு தெரிந்தது, ஆனால் ஒழுங்கை வெளிச்சம் முகத்தில் அடித்தது. "கண்ணை மூடினால் ஆரோ வாற மாதிரி. திறந்தால் லைற் வருது" என்றார்.

புதிய அறையைத் தென்மேற்கான கன்னி மூலையில் வைத்தோம். மூத்தவருக்கு அந்த மூலை என்பதில் ஆசாரியாருக்குத் திருப்தி. கதவு வடக்குச் சுவரின் கிழக்குத் தொங்கலில். கட்டில் தெற்குச் சுவரை ஒட்டி, மேற்குப் பக்கமாக. தலை தெற்கே, கால் வடக்கே. வடக்கே தலை வைக்கக்கூடாது என்ற எங்கள் வழக்கமும் காப்பாற்றப்பட்டது. படுத்தபடி கண்ணைத் திறந்தால் கதவு குறுக்கு மூலையில் தெரியும். கதவைத் திறந்தால் மண்டபத்தின் ஒரு பகுதியும், அதற்கப்பால் சாமியறை விளக்கும் தெரியும். கண்ணாடி வைத்த அலுமாரியைக் கட்டிலைப் பார்க்காமல் திருப்பினோம். இரவில் அரைத்தூக்கத்தில் கண்ணாடிக்குள் ஓர் ஆள் அசைவது அவருக்கு நல்லதில்லை.

மேற்குச் சுவர் காயும் என்பதால் அந்தப் பக்கம் இறப்பை மூன்றரை அடிக்கு நீட்டினோம். முதுகுக்குக் காவலாகத் தென்மேற்கில் உயரமான மதில் கட்டச் சொல்லி மகன் எழுதியிருந்தார். மதில் வெக்கை நாட்களின் ஒரே காற்றான சோளகத்தை மறித்துவிடும். பாலையும் இலுப்பையும் அந்தக் காவலைத் தருகின்றன. அவற்றின் தலை வெயிலை மறைக்கிறது, அடிமரங்களுக்கு இடையால் காற்று நிழலில் ஆறி வருகிறது. மதிலை விட்டுவிட்டு, அறையின் தெற்குச் சுவரில் கட்டிலுக்கு விலத்தி ஒரு யன்னல் வைத்தோம்.

வைக்காமல் விட்டவை

சிரிக்கும் புத்தர், வாயில் காசு கவ்விய தவளை, சிவப்பு நூல் கட்டிய சீன நாணயம், மூங்கில் தண்டு எல்லாம் இப்போது எங்கள் நகரக் கடைகளிலும் கிடைக்கின்றன. மகன் அனுப்பிய பட்டியலில் இருந்த இந்தச் சாமான்களுக்கான காசை நிலத்தடித் தொட்டிக்குத் திருப்பச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். வீடு மாறியதால்தான் மூத்த பிள்ளை பரீட்சையில் நன்றாகச் செய்தது என்றும் அவர் சொல்கிறார். அந்தப் பிள்ளை படித்ததால் செய்தது. அதை இந்த ஆய்வில் ஒரு பலனாக நான் சேர்க்கமாட்டேன்.

ஒரு சோளகமும் ஒரு மாரியும் போன பிறகு

புழுதி பெருமளவில் நின்றுவிட்டது. கதியால் தளிர்த்து அடர்ந்த பிறகு மோட்டார் சைக்கிள் வெளிச்சம் வேலியோடு நிற்கிறது. மாரியில் வீட்டுக்குள் புகை இல்லை. சுவரிலும் கரி படியவில்லை. தாய் அறைக்குள் படுக்கிறார். முதல் சில கிழமை கதவைத் திறந்து வைத்துத்தான் படுத்தார். இப்போது பாதி சாத்துகிறார்.

சரிவராதவையும் உண்டு. வடகிழக்கு விறாந்தையில் வாடை மழை சாய்வாக அடித்து நடுப்பகுதி வரை நனைக்கிறது. இறப்பை இன்னும் நீட்டினால் காற்றுக்குத் தூக்கும் என்று மேசன் அண்ணை பயப்படுகிறார், அந்தப் பயம் நியாயமானது. பனையோலைத் தட்டி கட்டி, ஐப்பசியில் இறக்கி மாசியில் சுருட்டுவது என்று வைத்திருக்கிறோம். மேற்குக் கதவை யன்னலாக்கியதில் நடுமண்டபம் இருண்டுபோனது. பகலிலும் பிள்ளைகள் விளக்குப் போட்டுப் படிக்கிறார்கள். கூரையின் வடக்குச் சாய்வில் இரண்டு ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு மாற்றினால் வெளிச்சம் வரும். ஓடு வாங்கியாயிற்று. தையில் மழை விட்டுக் கூரை காய்ந்ததும் மேசன் அண்ணை ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார்.